757-க்கு மீதி 412

அன்புள்ள அம்மிணிக்கு,

போன செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸில் என் மானம் போயிற்று. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய கண்ணியமான பிரயாணியாக, மடியில் ஒரு பார்சலை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு நிறுத்தத்தில் ஒரு பாட்டியம்மா இறங்கினார். அவருடைய கால் தரையைத் தொட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலேயே, "ரைட், போலாம்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டது. வண்டியும் கிளம்பிவிட்டது. உண்மையான கண்டக்டர் கீழே நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஓடி வந்து தொற்றி ஏறி, மூச்சு வாங்க என் முன்னால் நின்று, "பெரியவரே, ரைட்டு நான் சொல்லட்டுங்களா, நீங்களே சொல்லிக்கிறீங்களா? வேணும்னா பையையும் கழட்டிக் குடுத்துடறேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே போன மனுஷன், கால் நரம்பெல்லாம் கொடிபோலச் சுருட்டிக்கொண்ட பிறகு உட்காரச் சொன்னால், கால்தான் உட்காருகிறது; வாய் இன்னும் படிக்கட்டில்தான் நிற்கிறது.

அந்தப் பார்சல் உன்னுடையது. கணக்கு நோட்டை அனுப்பச் சொல்லி நீ எழுதி மூன்று வாரமாகிறது, இன்னும் வரவில்லையே என்று நினைத்திருப்பாய். பெரிய போஸ்டாபீஸ்வரைக்கும் போனது, திரும்பி வந்துவிட்டது. பிரவுன் காகிதத்தில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, உன் விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொண்டுபோனேன். தராசுக்குப் பின்னால் இருந்தவர், "உள்ளே கடிதம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார். கடிதம் இருந்தால் கட்டணம் வேறு போலிருக்கிறது. "இல்லீங்க" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு பார்சலைத் தராசில் வைக்கக் கை வரவில்லை. அவர் கையை நீட்டுகிறார், நான் கொடுக்க மாட்டேன் என்கிறேன். பின்னால் நின்றவர் ஒருவர், "என்னங்க, பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரி நிக்கிறீங்க?" என்றார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பார்சலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டாள். அவள் கேட்காமல் இருந்தால் அது பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

நீ அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததை மறுபடி எடுத்துப் படித்தேன். "முதல் நாள் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு அந்த நோட்டைக் காட்டணும் அப்பா. சரியான விடையைக் காட்டறதைவிட, அதில் இருக்கும் தப்பைத்தான் காட்டணும். ஒரே ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டதால் எனக்கு ஒரு வருஷம் போனதைச் சொல்லப் போகிறேன்." அம்மிணி, நீ அப்படிச் சொல்லக் கூடாது. ஏன் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் எழுதும் கடிதம், சுற்றி வளைத்துத்தான் வரும். பொறுமையாகப் படி.

அணா போய் நயா பைசா வந்த கோடை அது. நீ பதினோராவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். எங்கள் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடையை மறக்க முடியாது. ஒன்றரை அணா டிக்கெட்டுக்கு ஒன்பது பைசாவும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம் யாருக்கு என்பதில் சேலத்திலிருந்து நாமக்கல்வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சண்டை. ராத்திரி வந்து உன்னிடம் அதைச் சொல்லிப் புலம்பினால் நீ சிரிப்பாய். "அதுக்குப் பேர்தான் மீதி. உங்களுக்கு இப்பத்தான் மீதியோட வலி தெரியுது அப்பா." உனக்கு அது தெரிந்து வெகு நாளாயிற்று. மற்ற குழந்தைகள் சினிமாப் படம் சேர்த்தபோது நீ நான் கொண்டுவந்த பழைய டிக்கெட் அடிக்கட்டைகளைச் சேர்த்தாய். ஆறிலக்க எண்ணைப் பார்த்ததும் இது ஏழால் வகுபடும், இது பதிமூன்றால் வகுபடும் என்பாய். என் பித்தளை பேட்ஜைக்கூட விடவில்லை. "412 நாலால வகுபடும் அப்பா. உங்க நம்பர் ரொம்பச் சாதுவான நம்பர்" என்றாய். பெயரை விட்டுவிட்டு எல்லோரும் என்னைக் கூப்பிட்டது அந்த நம்பரால்தான். அதையும் நீ வகுத்துவிட்டாய்.

கான்வென்டில் கணக்கு எடுத்த சிஸ்டர் உனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். பத்து லட்சத்துக்குள் வரும் மிகப் பெரிய பகா எண் எது? கண்டுபிடித்தால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் சிஸ்டர் தங்கள் சபையின் கல்லூரிக்குப் போவார். அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, விடுதியில் கட்டணம் வாங்காமல் உனக்கு ஓர் இடம் கேட்பதாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைத்தால் கல்லூரி. கிடைக்காவிட்டால் ஜலகண்டாபுரத்தில் உன் தாய்மாமன் பார்த்து வைத்திருந்த தறிக்கார மாப்பிள்ளை. உன் அம்மா அதைத் தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். நீ வகுத்துக்கொண்டிருந்தாய்.

பகா எண் என்றால் என்னவென்று நீ எனக்கு விளங்க வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இத்தனை பேர் பஸ்ஸுல ஏறினாங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டு ரெண்டா உக்கார வெச்சாலும் ஒருத்தர் மீதி. மூணு மூணா வெச்சாலும் மீதி. எப்படி வெச்சாலும் வரிசை நிறையாது. ஒரே வரிசையா நிறுத்தி வெச்சாத்தான் ஆச்சு." அப்படி ஒரு கும்பலை ராசிபுரம் சந்தையில் நான் தினமும் பார்க்கிறேன் என்றேன். பிறகு எனக்கு ஒரு சந்தேகம். பத்து லட்சத்தைச் சோதிக்க லட்சம் எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டாமா? நீ சொன்னாய்: வகுக்கும் எண் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஆயிரம் ஆயிரம் பத்து லட்சம். ஜோடியில் ஒன்று ஆயிரத்துக்கு மேலே இருந்தால் இன்னொன்று கட்டாயம் ஆயிரத்துக்குக் கீழே இருக்கும். எனக்கு உடனே பிடிபட்டது. புருஷன் பின்னால் ஏறுவான், பெண்டாட்டி முன்னால் பெண்கள் சீட்டில் உட்காருவாள். ஒருத்தரைப் பிடித்தால் போதும், இரண்டு பேர் டிக்கெட்டையும் கேட்டுவிடலாம். "அதேதான்!" என்று நீ துள்ளினாய். ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. நூற்று அறுபத்தெட்டு வகுத்தல். எல்லாவற்றிலும் மீதி வந்தால் அது பகா எண். ஒன்றில் மீதி இல்லாமல் போனால் கதை முடிந்தது.

9,99,999 மூன்றால் வகுபட்டது. அடுத்த ஒற்றை எண் 9,99,997. அது எதற்கும் மசியவில்லை. ஏழுக்கு இல்லை, பதினேழுக்கு இல்லை, நூற்றொன்றுக்கு இல்லை. நீ அதன்மேல் ஆசை வைத்துவிட்டாய். வரிக்கு ஒரு வகுக்கும் எண், அதற்கு எதிரே மீதி, இப்படி 599 வரைக்கும் நூற்று ஒன்பது வரி போட்டிருந்தாய். அப்போதுதான் உனக்கு அம்மை போட்டது. சர்வேசுரனைக் கும்பிடுகிற வீடு என்றாலும் அம்மை என்று வந்தால் வேப்பிலைக்கு விலக்கு இல்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை படிக்கவும் கூடாது எழுதவும் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று உன் அம்மா நோட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். நீ அம்மைக்கு அழவில்லை, நோட்டுக்கு அழுதாய். அதைப் பார்க்க முடியாமல், "மிச்சத்தை நான் போடறேன் அம்மிணி. ஆறிலக்கத்தை மூணிலக்கத்தால வகுக்கறது. எனக்குத் தெரியாதா?" என்று வாய் விட்டேன். மிச்சம் ஐம்பத்தொன்பது. "ஐம்பத்தொன்பதும் பகா எண்தான் அப்பா, பாதி பாதியாக்கூடப் பிரிச்சுக்க முடியாது" என்று வேப்பிலைக்கு நடுவிலிருந்து நீ சிரித்தாய்.

முதல் இருபத்து மூன்றை யோக்கியமாகத்தான் போட்டேன். டிக்கெட் கணக்கு எழுதும் பழைய டிரிப் ஷீட்டின் முதுகில், முழங்கையால் கம்பியைக் கட்டிக்கொண்டு, மல்லூரில் இரண்டு, புதுச்சத்திரத்தில் ஒன்று என்று. வண்டி குலுங்கினால் ஏழு ஒன்பதாகும், அழித்து எழுதுவேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன கண்டக்டரே, லவ் லெட்டரா?" என்றார். "ஆமாங்க, அம்பத்தொம்பது பேருக்கு எழுதறேன். ஒருத்தியும் மசிய மாட்டேங்கறா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அன்றைய வரிகளை உன் நோட்டில் ஏற்றி, பக்கத்தை உனக்குத் தூரத்திலிருந்து காட்டுவேன். நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டுவாய்.

பிறகு ராசிபுரத்தில் அந்தச் சந்தை நாள். அதை நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. விடியற்காலையிலிருந்து நின்ற கால். வண்டியில் ஆள், கோழி, மூட்டை, நெய் டின். ஒரு ஆத்தா டின்னைப் படிக்கட்டு ஓரம் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். லக்கேஜ் டிக்கெட் கேட்டேன். "ஏனுங்க கண்டக்டரு, டின்னுக்கு எதுக்குங்க டிக்கெட்டு? அது என்ன சீட்டுலயா உக்காந்திருக்குது?"

"டின்னு உக்காரலீங்க ஆத்தா. டின்னு மேல நீங்கதானே உக்காந்திருக்கீங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப ஆத்தாளுக்கு வேண்டாமுங்க, டின்னுக்கு மட்டும் போடுங்க!"

இன்னொருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒண்ணரையணாவுக்கு பத்து பைசா வாங்கிட்டீங்களே, அந்த மிச்சம் ஆருக்குங்க? உங்க மொதலாளிக்கா, சர்க்காருக்கா?" அவருக்குப் பதில் சொல்லி, ஆத்தாவைச் சமாதானம் செய்து, ஒரு கோழியைத் தேடிப் பிடித்து நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது என் காதுப் பென்சில் காதிலேயே இருந்தது. அன்றைக்கு 751-லிருந்து 797 வரை ஏழு வரி கொண்டுவருவதாக உன்னிடம் சொல்லியிருந்தேன். ஒன்றுகூடப் போடவில்லை. திரும்பும் டிரிப்புக்குப் பத்து நிமிஷம். ஸ்டாண்டில் சக்கர நிழலில் குந்தி உட்கார்ந்தேன். இதுவரை நூற்று முப்பத்திரண்டு பேர் வகுக்கவில்லை, இந்த ஏழு பேர் மட்டும் வந்து வகுத்துவிடப் போகிறார்களா என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, ஏழு மீதிகளையும் வாய்க்கு வந்தபடி எழுதினேன். வண்டி நம்பரில் கொஞ்சம், எதிரே இருந்த மைல்கல்லில் கொஞ்சம், கைக்கு அகப்பட்டதில் கொஞ்சம். மீதி வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் கவனமாகக் காப்பாற்றினேன். திருட்டிலும் ஓர் ஒழுங்கு.

மிச்சம் இருபத்தொன்பது வரியையும் அடுத்த நாட்களில் ஒழுங்காகப் போட்டேன். அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை? உனக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. நீ விடையை ஒரு வெள்ளைத் தாளில் அழகாக எழுதி, சனிக்கிழமை போய் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தாய். திங்கட்கிழமை சிஸ்டர் கிளம்புகிறார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, வழக்கம்போல என் பேட்ஜை எடுத்து வைத்துக்கொண்டு நீ வாசலில் உட்கார்ந்தாய். புளியும் சாம்பலும் போட்டு நீ தேய்த்தால்தான் அது பளபளக்கும். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்க்கிறேன், உன் கை நின்றுவிட்டது. பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனாய். ஓர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் உட்கார்ந்து, மிச்சத்தையும் தேய்த்து, துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா, சிஸ்டரைப் பார்க்கணும். கூட வாங்க" என்றாய். அம்மை வடு இன்னும் ஆறாத முகம். ஏனென்று கேட்டதற்கு, "எண் வகுபடுதுங்க அப்பா. 757-க்கு வகுபடுது. நான் கவனிக்கலை" என்றாய். 757 சந்தை நாளின் எண் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆகையால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு வசதியான முடிவு பார்.

கான்வென்ட் வராந்தாவில் சிஸ்டர் நின்றபடியே நோட்டைப் புரட்டினார். நான் நாலடி தள்ளி நின்றேன். நோட்டில் நான் ஏற்றிய கிறுக்கலைப் பார்த்ததும் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். சிஸ்டர் விரல் ஒரு வரியில் நின்றது. "இந்த வரியை யார் போட்டது?"

"நான்தான் சிஸ்டர்" என்றாய் நீ.

"நூத்து அறுபத்தெட்டுல இந்த ஒரு வரிதான் இந்தக் கணக்குக்கே முக்கியம். அதைப் போய்..." என்று நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாச்சும் உதவி செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"நான் டிக்கெட் கிழிக்கறவன் சிஸ்டர். எனக்கு என்னங்க தெரியும்?" என்று சிரித்தேன். என்னை நானே கேலி செய்துகொள்வது எனக்குப் பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அது எதற்கெல்லாம் பயன்படும் என்று எனக்கே தெரிந்தது.

சிஸ்டர் கோபப்படவில்லை. "தப்பை நீயே வந்து சொன்னது நல்லது, குழந்தை. ஆனா நாளைக் காலையில நான் கிளம்பறேன். கையில காகிதம் இல்லாம என்னன்னு கேக்கறது?" என்று உன் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான். அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

அடுத்த ஒரு வருஷம் நம் வீட்டில் எப்படிப் போயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாய். உன் தாய்மாமன் மூன்று தடவை வந்தான். "வயசுக்கு வந்த பொண்ணு ஒரு வருஷம் சும்மா இருந்தா ஊரு சும்மா இருக்குமாங்க?" என்று உன் அம்மா என்னைப் பிடுங்கினாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை. மூன்று தடவையும் உன் மாமனைக் கடைசி பஸ்ஸில் நானே ஏற்றி அனுப்பினேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே. உடைத்தவன் ஒட்டவைக்கப் பார்த்தேன். நீயோ 9,99,997-ஐ அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாய். கடைசி மூன்றிலக்கத்தை மட்டும் சொன்னால், 995 ஐந்துக்கு, 993 மூன்றுக்கு, 991 பதினேழுக்கு, 989 பத்தொன்பதுக்கு, 987 மூன்றுக்கு, 985 ஐந்துக்கு என்று ஒவ்வொன்றாக விழுந்தது. 9,99,983 விழவில்லை. நூற்று அறுபத்தெட்டு வரியையும் நீ ஒருத்தியே போட்டாய். உதவட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "வேண்டாங்க அப்பா, உங்க கால் வலிக்கும்" என்றாய். உன் குரலில் கசப்பு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அடுத்த மே மாதம் சிஸ்டர் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனார், உனக்கு இடம் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் களைப்பாக இருந்தார். "ஒரு வகுத்தல் கணக்கைப் போடாமலே போட்டதா எழுதிட்டேனுங்க" என்றேன். "டிரிப் ஷீட்டுலயா?" என்றார். "இல்லீங்க, மக நோட்டுல." அவர் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. "மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு. அப்புறம் வீட்டுக்குப் போயி உன் மககிட்ட சொல்லு" என்றார். மந்திரத்தை அங்கேயே முட்டிபோட்டு முடித்தேன். இரண்டாவது பாக்கி நின்றுவிட்டது. வருஷம் ஆக ஆக, இப்போது சொன்னால் உனக்கு வீணாக மனக்கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியாததை நான் ஏன் கிளற வேண்டும்?

போன வாரம் பார்சல் கட்டுவதற்கு முன்னால், பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த நோட்டைத் திறந்தேன். என் கிறுக்கலை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான். முதலில் ஒன்றும் புரியவில்லை. என் கையெழுத்தே அதில் இல்லை. 601-லிருந்து 997 வரை எல்லாம் உன் கை. மணி மணியான எழுத்து. நடுவில் நூல் தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். பழைய தாள்களை வெட்டியெடுத்துவிட்டு, புதுத் தாள் வைத்துக் கோத்திருந்தாய். பூசைக்கும் கான்வென்டுக்கும் நடுவில் அந்த அரைமணி நேரம் நீ என்ன செய்தாய் என்று பத்து வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. நான் போட்ட வரியையெல்லாம் நீ உன் கையால் எழுதியிருக்கிறாய். நல்ல வரிகளையும் எழுதியிருக்கிறாய், பொய்களையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். 757-க்கு எதிரே, நிறுத்தி அழகாக: மீதி 412.

என் பேட்ஜ் நம்பர், அம்மிணி. அவசரத்தில் கைக்கு வந்த எண் அது என்பதை நானே மறந்துபோயிருந்தேன். வாரா வாரம் அதைத் தேய்த்தவள் நீ. புளிக் கையோடு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது உனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. நான் திருடியதும் தெரிந்திருக்கிறது. அந்த இடம் போகப்போவதும் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் மிச்சப் பேட்ஜைத் தேய்த்துக் கொடுத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலையை விட்டபோது பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 412 என்ற எண் இப்போது உன் கையெழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அன்றைக்கே உன் அம்மாவின் சமையல் மேஜையில் உட்கார்ந்து அந்த வகுத்தலை முதல் தடவையாகப் போட்டேன். 999-ல் 757 போனால் 242. ஒன்பதை இறக்கினால் 2429, மூன்று தடவை, மிச்சம் 158. மறுபடி ஒன்பதை இறக்கினால் 1589, இரண்டு தடவை, மிச்சம் 75. கடைசி ஏழை இறக்கினேன். 757-க்குக் கீழே 757-ஏ வந்து நின்றது. அடுத்தது பூஜ்யம். டிரைவர் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. நாமக்கல்லில் எனக்கு இருந்தது பத்து நிமிஷம். மற்ற ஆறு வரியிலும் நான் எழுதியது பொய்தான்; ஆனாலும் அவற்றால் விடை மாறியிருக்காது. 757-ம் 1321-ம் ஜோடி. ஆயிரத்துக்குக் கீழே அந்தக் கூட்டத்தில் டிக்கெட் கேட்க வேண்டிய ஆள் அந்த ஒருத்தர்தான். நான் கேட்காமல் விட்டதும் அவரைத்தான்.

இனி உனக்கு நான் என்ன புத்தி சொல்ல? நீ கல்லூரியில் பாடம் சொல்லுகிறவள். இரண்டே இரண்டு சொல்கிறேன். ஏதாவது ஒரு பிள்ளையின் நோட்டில் அப்பனின் கையெழுத்து தெரிந்தால், பிள்ளையைத் திட்டாதே. அப்பனை ஒரு நாள் கூப்பிட்டுப் பேசு, அவனுக்குக் கால் வலி இருக்கும். இன்னொன்று, அடுத்தவர் தப்பை இவ்வளவு சீக்கிரமாக உன் தலையில் எடுத்து வைத்துக்கொள்ளாதே. அன்பால்தான் செய்தாய். ஆனால் நீ எடுத்துக்கொண்டுவிட்டதால் அதை இறக்கி வைக்க எனக்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் நிறுத்தமாக வந்துவிட்டேன். இப்போது கால் முடியவில்லை.

நோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்து நாளைக் காலையில் தராசில் வைக்கிறேன். கடிதம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பேன், கட்டணம் எவ்வளவானாலும் சரி. 757 இருக்கும் பக்கத்தில் ஒரு பழைய டிரிப் ஷீட்டை மடித்து வைத்திருக்கிறேன். அதன் முதுகில் அந்த வகுத்தல் என் கையெழுத்தில் இருக்கிறது. குலுங்காத மேஜையில் போட்டும் கோணல்தான். பிள்ளைகளுக்குக் காட்டும்போது இரண்டையும் காட்டு. "இது நான் பண்ணின தப்பு" என்று மட்டும் சொல்லாதே.

அந்த வராந்தாவை நான் மறக்கவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டபோது நீயும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு நொடி. பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். அந்த நொடியில் வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பஸ்ஸில் யாரும் கேட்காமலே ரைட் சொல்லும் வாய், கேட்ட பிறகும் அன்றைக்குத் திறக்கவில்லை. நான் சொல்லாமல் விழுங்கியது இவ்வளவுதான்:

"சிஸ்டர், அந்த வரி நான் போட்டதுங்க."